கவையில் இரண்டு கருகல்

பதினோராம் அத்தியாயம்

திருப்பதிக்கு வருகிறவன் முடியைக் கொடுத்துவிட்டுப் போவான், இல்லாவிட்டால் உண்டியலில் எதையாவது போட்டுவிட்டுப் போவான். துப்பாக்கிக்கு முட்டுக் கொடுக்கக் கோல் வாங்க வந்தவர்கள் அன்றைக்கு ஊர் முழுக்க இரண்டே பேர்தான் இருந்திருப்பார்கள். ஒருவர் துப்பறியும் வேதாச்சலம். சித்தூரில் அவருக்கு ஒரு மாடி அறை, ஒரு பெயர்ப்பலகை, போலீஸ் ஸ்டேஷனில் நல்ல விரோதம். இன்னொருவன் அவருடைய உதவியாள் துலுக்காணம். திருத்தணிக்காரன். வாய்க்குக் கதவு வைக்காமல் பெற்றுவிட்டேன் என்று அவனைப் பெற்றவளே சொல்வாள்.

கோவிந்தராஜ சாமி கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்தத் துப்பாக்கிக் கடை. “ரண்டி, ரண்டி, கூர்ச்சோண்டி” என்று தெலுங்கில் வரவேற்ற கடைக்காரர் வெங்கடரமணன், இவர்கள் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்குத் தாவினார். “வாங்க, உக்காருங்க. இன்னா வேட்டை? பன்னியா, மானா?”

“பன்னி” என்றார் வேதாச்சலம்.

“இவரு பன்னி, நான் மான்” என்றான் துலுக்காணம்.

வேதாச்சலம் முறைத்தார். அந்த முறைப்பெல்லாம் அவனுக்கு இட்லிக்குச் சட்னி மாதிரி, தினமும் உண்டு.

வெங்கடரமணன் மேஜைமேல் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் பேசினால் துப்பாக்கி இல்லாதவனும் முட்டுக்கோல் வாங்கிப் போவான்.

“இது ஒத்தைக் கோல், தலையில கவை. நடந்தா கைத்தடி, நின்னா துப்பாக்கிக்குத் தாங்கல். இது ரெண்டு குச்சி, நடுவுல வார் போட்டுக் கட்டினது. விரிச்சு நட்டா பெருக்கல் குறியாட்டம் நிக்கும், பக்கவாட்டுல ஆடாது. இது மூணு காலு. கல்லுல வெச்சாப்பல இருக்கும். ஆனா இதைத் தூக்கிக்கினு மலையேறினா பன்னி உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.”

“எதை எடுக்கறது?”

“நீங்க நின்னு சுடுவீங்களா, உக்காந்து சுடுவீங்களா, அதைச் சொல்லுங்க மொதல்ல. நின்னு சுட்டா கவை தோள்மட்டம் வரணும். தரையில உக்காந்தா, உக்காந்த நெஞ்சுமட்டம் போதும்.”

“எங்க சாருக்கு நின்னாலும் உக்காந்தாலும் ஒரே மட்டந்தான்” என்றான் துலுக்காணம். வேதாச்சலம் குட்டை. அதைச் சொல்லிக்காட்ட அவன் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டேதான் இருப்பான்.

“ரைஃபிள்னா முன்கட்டையைக் கவையில வைக்கணும். இரும்புக் குழாயை வைக்கக் கூடாது. குழாய் பட்டுச்சுன்னா துப்பாக்கி எகிறும், குண்டு வேற எங்கியாவது போவும்” என்றார் கடைக்காரர்.

“ரைஃபிள் இல்லைங்க. ரிவால்வர்ல அடிச்சுப் பார்க்கலாம்னு ஒரு ஆசை” என்று வேதாச்சலம் தூண்டிலைப் போட்டார்.

வெங்கடரமணன் வயிறு குலுங்கச் சிரித்தார். “அடிக்கலாம், அடிக்கலாம். அதுக்கும் இந்தக் குட்டைக் கவையே போதும். ஆனா அங்கதான் எல்லாரும் ஏமாறது. ரிவால்வரைக் கவையில வைக்கக் கூடாது. உங்க மணிக்கட்டைத்தான் வைக்கணும்.”

“ஏன், துப்பாக்கியை வெச்சா இன்னா ஆகும்?”

“குண்டு போடற உருளைக்கும் குழாய்க்கும் நடுவுல மயிரிழை சந்து ஒண்ணு இருக்கு. சுட்டீங்கன்னா அது வழியா ரெண்டு பக்கமும் நெருப்பு பீச்சும். அந்த எடம் கவைக்குள்ள உக்காந்திருந்துச்சுன்னு வைங்க, கவையோட ரெண்டு கொம்பும் உள்பக்கம் கருகிடும், நேருக்கு நேரா. ரிவால்வர் புடிச்சுப் பழக்கப்பட்டவன் எவனும் அப்படி வைக்கமாட்டான். புதுசா தொடறவன்தான் வைப்பான்.”

வேதாச்சலம் எழுந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் மாட்டினார். அவர் சந்தோஷப்படுகிற லட்சணம் அவ்வளவுதான். துலுக்காணம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். ஏனென்றால் அந்தக் கருகலை அவர்கள் இரண்டு பேரும் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

சித்தூர் செஷன்ஸ் கோர்ட்டில், மேஜைமேல், சாட்சிப் பொருளாகச் சீட்டுக் கட்டிக் கிடந்தது அந்தக் குட்டைக் கவைக்கோல். போன வருஷம் பொங்கலுக்கு மறுநாள், நாராயணவனத்தில் பெருமாள் பார்வேட்டைக்குப் புறப்பட்ட நேரம், ஊரெல்லாம் வேட்டுச் சத்தம். அந்தச் சத்தத்தோடு சத்தமாக, மலையடிவாரத்தில் வீராசாமி என்கிற ஆள் சுடப்பட்டுச் செத்துக் கிடந்தான். குண்டு உடம்பைத் துளைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது, கிடைக்கவில்லை. பக்கத்தில் இந்தக் கோல் நட்டிருந்தது. வீராசாமியின் பெண்டாட்டி ஜெயம்மா. ஜெயம்மாவின் அண்ணன் நாராயணசாமி. அவனிடம் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கின நாட்டுத் துப்பாக்கி இருந்தது. பொண்ணுக்கும் சொத்தில் பங்கு உண்டென்று சட்டம் வந்த நாளிலிருந்து, உன் தங்கச்சி பங்கைப் பிரி என்று வீராசாமி மச்சானை உலுக்கிக்கொண்டிருந்தான். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? நாராயணசாமியைப் பிடித்துக் கூண்டில் ஏற்றினார்கள். வழக்கு முடிந்து வெள்ளிக்கிழமை தீர்ப்பு. எல்லாரும் தூக்கு என்றே பேசிக்கொண்டார்கள்.

கோலில் இருந்த கருகலை, ராத்திரிக் காவலில் பீடி அணைத்த தழும்பு என்று சர்க்கார் வக்கீல் ஒரே வரியில் தள்ளிவிட்டார். “ரெண்டு பக்கமும் அணைக்க அவனுக்கு ரெண்டு வாயா?” என்று துலுக்காணம் அன்றைக்கே முணுமுணுத்து, கோர்ட் சேவகனிடம் வசவு வாங்கினான்.

“நாராயணவனம் பக்கம் யாராவது ரிவால்வர் வெச்சிருக்காங்களா?” என்று வேதாச்சலம் சாவகாசமாகக் கேட்பது போலக் கேட்டார்.

“அந்தப் பக்கம் ஒரே ஆள்தான் என்கிட்ட தோட்டா வாங்கினாரு. பட்டாளத்து ஜமேதார் வீராசாமி. பாவம், அவரையே எவனோ சுட்டுட்டான்.”

துலுக்காணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. செத்தவன் துப்பாக்கியாலேயே செத்தவனைச் சுட்டிருக்கிறார்கள். இத்தனை நாளாக நாட்டுத் துப்பாக்கியைப் பிடித்துத் தொங்கின போலீஸ், ரிவால்வர் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“கோல்?” என்றார் வெங்கடரமணன்.

“பன்னியைக் கேட்டுக்கினு வந்து சொல்றோம்” என்றான் துலுக்காணம்.

சித்தூர் பஸ் சந்திரகிரி தாண்டினதும் வேதாச்சலம் தொடையில் தட்டினார். “இன்னொரு முடிச்சும் அவுந்துபோச்சுடா. மாஜிஸ்திரேட்டு முன்னாடி நாராயணசாமி கோலைத் தன்னுதுன்னு ஒத்துக்கிட்டான் இல்ல? அதான் அவனைக் கவுத்தது. மாஜிஸ்திரேட்டு தெலுங்குக்காரர். இன்னான்னு கேட்டாரு?”

“‘ஈ பங்க நீதேனா’ன்னு கேட்டதாக் கோர்ட்டுல படிச்சாங்க.”

“தெலுங்குல பங்கன்னா இன்னா?”

“கவை. பங்கலக் கர்ரன்னு சொல்லுவாங்க.”

“தமிழ்க் காதுல விழுந்தா?”

துலுக்காணம் வாயைப் பிளந்தான். “பங்கு! பங்கு உன்னுதான்னு கேக்கறாருன்னு நெனைச்சிட்டானா?”

“அவன் சொன்ன பதிலை நெனைச்சுப் பாரு. ‘ஆமா சாமி, என்னுதுதான், யாருக்கும் உடமாட்டேன்.’ ஒரு காட்டுக் குச்சியைப் பத்தி எவனாவது யாருக்கும் உடமாட்டேன்னு சொல்லுவானா? மச்சான் கேட்ட பங்கைத்தான் சொல்லியிருக்கான். கவையைக் கேட்டாங்க, காணியைச் சொன்னான், கழுத்துல கயிறு விழுந்துச்சு.”

அடேயப்பா! துலுக்காணத்துக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்காதே. “அப்ப சுட்டது யாரு சார்?”

“நமக்கு எதுக்கு? ஜெயம்மா நம்மகிட்ட இன்னா கேட்டா? எங்க அண்ணன் சுடலை, அதைக் காட்டுங்கன்னு கேட்டா. அதைக் காட்டிட்டோம். சுட்டவன் யாருன்னு போலீசு தேடட்டும்.”

பெரிய மனுஷர்களும் இப்படித்தான் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பூதலப்பட்டில் பஸ் நின்றபோது இரண்டு பேரும் வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டு, வேலை முடிந்த மாதிரி காலை நீட்டி உட்கார்ந்தார்கள்.

சித்தூர் ஜெயிலில் வேதாச்சலத்துக்குத் தெரிந்த ஜெயிலர் ஒருவர் இருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நாராயணசாமியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நல்ல உயரம், ஒட்டின கன்னம், ஒரு வருஷ ஜெயில் சோறு. பெண்டாட்டி எப்போதோ செத்துவிட்டாள், பிள்ளைகுட்டி கிடையாது. இவர்களைக் கும்பிட்டுவிட்டு, காவல்காரன் பக்கம் திரும்பி, “அன்னா, தொரலொச்சினாரு கதா, கொஞ்செம் மஞ்சி நீள்ளு இய்யண்டி” என்றான். பெரிய மனுஷர்கள் வந்திருக்கிறார்கள், நல்ல தண்ணி கொடுங்கள் என்று அர்த்தம். காவல்காரன் ஏதோ கேலி சொன்னான். இவன் அதற்கு இரண்டு மடங்கு கேலியாகத் தெலுங்கிலேயே பதில் சொன்னான். காவல்காரன் சிரித்துக்கொண்டே தண்ணி எடுக்கப் போனான்.

துலுக்காணத்துக்கு வேதாச்சலத்தின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“உனக்குத் தெலுங்கு வருமா?” என்றார் வேதாச்சலம், மெல்ல.

“சித்தூரு மண்டியில இருவது வருசமா வெல்லம் போட்டவன் ஐயா நானு. தெலுங்கு வராதவனா மண்டியில பொழைக்க முடியும்? எங்க அம்மா ஊரே புத்தூரு பக்கம்.”

“அப்ப மாஜிஸ்திரேட்டு பங்கன்னு கேட்டது...”

“கவையைத்தான் கேட்டாரு. தெரிஞ்சுதான் சொன்னேன். என்னுதுதான், யாருக்கும் உடமாட்டேன்னு சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்றேன்.”

போச்சு. பஸ்ஸில் கட்டின கோட்டை ஒரு குவளைத் தண்ணிக்கு இடிந்து விழுந்தது. துலுக்காணம் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாமா என்று பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

ஆனால் வேதாச்சலம் லேசில் விடுகிற ஆள் இல்லை. அதோடு, தான் கண்டுபிடித்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கதாகாலட்சேபம் மாதிரி ஆரம்பித்தார். குட்டைக் கவை உட்கார்ந்து சுடுகிறவனுக்கு ஆனது, நீயோ பனைமரம். உன் நாட்டுத் துப்பாக்கியின் முன்கட்டையைக் கவையில் வைத்தால் அந்த இடத்தில் நெருப்பே வராது. இரண்டு கொம்பிலும் உள்பக்கம் கருகல் இருக்கிறது, ஆகவே அது ரிவால்வர். அந்தப் பக்கம் ரிவால்வர் வைத்திருந்தவன் வீராசாமி ஒருத்தன்தான், ஆகவே அது அவன் துப்பாக்கி. ஒன்றையும் விடவில்லை. கடைக்காரர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னார்.

“மணிக்கட்டை வைக்கத் தெரியாம துப்பாக்கியையே கவையில சாச்சிருக்காங்க. ஒண்ணு பழக்கமில்லாதவங்க. இல்லாட்டி கையில தெம்பில்லாதவங்க, ரிவால்வரைத் தூக்கிப் பிடிக்கக்கூட முடியாதவங்க.”

“அவ கையைத் தூக்கவே முடியாதுங்க! சோறு பிசையக்கூட முடியாத கையை வெச்சிக்கினு அவ எப்பிடிங்க...” என்று சீறினவன், சட்டென்று நிறுத்தினான்.

“யாரு?” என்றார் வேதாச்சலம்.

நாராயணசாமி கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

துலுக்காணத்துக்கு ஒரு பழைய காட்சி எழுந்து வந்தது. முதல்முதலாக மாடியேறி வந்தபோது ஜெயம்மா முந்தானைக்குள் வலது கையை மறைத்துக்கொண்டு, இடது கையால் கும்பிட்டாள். மரியாதை தெரியாத பொம்பளை என்று அவன் அப்போது நினைத்தான். அதை நினைத்து இப்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“அவளை உட்டுடுங்க ஐயா” என்றான் நாராயணசாமி. “அவளுக்கு ஒரு பொண்ணு கீது. சின்னது. எனக்கு யாரு கீறாங்க? எங்க ஊரே வர்ற ஏப்ரலுக்கு மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போயிடுமாம். ஊரும் போவுது, நானும் போறேன். அவ்வளவுதானே?”

வேதாச்சலம் கம்பியிலிருந்து கையை எடுத்தார். தான் காசில்லாமல் யாருக்காவது உழைத்த வழக்கு உண்டென்றால் அது இதுதான், அதில் கட்சிக்காரியே கொலைகாரி.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமா?” நாராயணசாமியின் குரல் இப்போது அமைதியாக இருந்தது. “அந்த நெருப்பு ரெண்டு பக்கமும் பீச்சும்னு சொன்னீங்களே, அது துப்பாக்கியில எந்த எடத்துலருந்து வரும்?”

நினைவு எங்கேயோ இருந்த வேதாச்சலம், விரலை மடக்கி, இது உருளை, இது குழாய், இதோ இந்தச் சந்து என்று காட்டினார். வாத்தியார் வீட்டுப் பிள்ளை, கேட்டால் சொல்லித்தான் பழக்கம்.

ஜெயில் வாசலுக்கு எதிர்ப்புறம் ஒரு டீக்கடை. அதன் பெஞ்சியில் ஜெயம்மா உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

“கண்டுபுடிச்சிட்டீங்களா?” என்று கேட்டாள். பயந்து கேட்ட மாதிரி இல்லை. ரிசல்ட் பார்க்க வந்தவள் கேட்கிற மாதிரி இருந்தது.

“கையைக் காட்டும்மா” என்றார் வேதாச்சலம்.

முந்தானையை விலக்கிக் காட்டினாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணி, விரல்கள் பாதி மடங்கிக் கிடந்தன. துலுக்காணம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“துப்பாக்கிக் கட்டையால அடிச்சான். ஒரு தரம் இல்ல. உங்க அண்ணன்கிட்ட போய் பங்கு வாங்கிக்கினு வாடின்னு அடிச்சான். அன்னிக்குப் பார்வேட்டைன்னு என்னையும் மூட்டை தூக்க இட்டுக்கினு போனான். குடிச்சிருந்தான். பன்னிக்கு உக்கார்றேன்னு அவனே கோலை நட்டான். அப்புறம் ரிவால்வரைக் கீழ வெச்சிட்டு, எழுந்து முன்னால போய் நின்னுக்கினு, ஊட்டுக்குப் போனதும் பொண்ணோட கையையும் ஒடைக்கறேன் பாருன்னான். பெத்த பொண்ணுங்க. எடுத்தேன். தூக்க முடியல. அந்தக் கவையில வெச்சேன், கண்ணை மூடிக்கினேன், அழுத்திட்டேன்.”

“உங்க அண்ணன்?”

“பார்வேட்டைக்கு வந்தவன் எங்களைத் தேடிக்கினு வந்திருக்கான், சத்தம் கேட்டு ஓடியாந்தான். என் கையிலேருந்து புடுங்கிக்கினு, ஊட்டுக்குப் போடின்னு தள்ளிட்டான். ரிவால்வரை எங்க போட்டான்னு எனக்குத் தெரியாது.”

“போலீசுல சொல்லலியா?”

“சொன்னனே! மூணு தரம் போனேன். ரிவால்வர் எங்கன்னான். தெரியாதுன்னேன். இந்தக் கையால சுட்டியான்னு கேட்டுச் சிரிச்சாங்க. அண்ணன் பாசம், போம்மான்னு அனுப்பிட்டாங்க.” அவள் முந்தானையைத் திரும்பக் கைமேல் இழுத்துவிட்டாள். “உங்ககிட்ட நானே சொன்னா நீங்களும் சிரிப்பீங்க. அதான், கோலைப் பாருங்க, கோலைப் பாருங்கன்னு சொன்னேன். நீங்களா கண்டுபுடிச்சா ஊரு நம்பும்.”

தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அண்ணன் தங்கைக்காகக் கயிற்றைக் கேட்டு வாங்குகிறான், தங்கை அதைப் பிடுங்க ஆள் வைத்திருக்கிறாள். இப்படி ஒரு வழக்கைத் துலுக்காணம் கண்டதில்லை.

“யாரைத்தான் சார் காப்பாத்தறது?” என்றான்.

“ரெண்டு பேரையும்” என்றார் வேதாச்சலம். “நல்லாக் கேட்டுக்கம்மா. நீ சொல்லி நான் ருசுப்படுத்தினா உனக்குத் தூக்கு கிடையாது. உன் கையைப் பார்த்த எந்த ஜட்ஜும் தூக்குல போட மாட்டாரு. சில வருஷம் உள்ள இருப்ப. அதுவரைக்கும் உன் பொண்ணை உங்க அண்ணன் வளர்ப்பான். யாரும் சாக வேண்டியதில்லை.”

ஜெயம்மா அவர் காலில் விழப் போனாள். துலுக்காணம் தடுத்தான். அவன் கண்ணிலும் தண்ணி வந்துவிட்டது. இதை உடனே நாராயணசாமியிடம் சொல்லிவிடலாமென்று வேதாச்சலம் ஜெயில் வாசலுக்கு ஓடினார். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். தெரிந்த ஜெயிலர் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் போனார்கள். யாரையும் பார்க்க விருப்பமில்லை என்று கைதி சொல்லிவிட்டதாகப் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் கூட்டம் வாசல்வரை நின்றது. புதுச் சாட்சி இருக்கிறது என்று நாராயணசாமியின் வக்கீல் மனுவோடு எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கூண்டில் இருந்தவன் கையைக் கூப்பினான். “தொரகாரு, நேனு ஒக மாட்ட செப்பாலி” என்றான். ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

ஜட்ஜ் தலையசைத்தார்.

அவன் சொன்னான். கோர்வையாக, மண்டியில் விலை சொல்கிற மாதிரி நிதானமாக, தெலுங்கில் சொன்னான். சுட்டது நாட்டுத் துப்பாக்கியால் இல்லை, வீராசாமியின் ரிவால்வரால். எனக்கு அதில் பழக்கமில்லை, அதனால் மணிக்கட்டை வைக்காமல் துப்பாக்கியையே கவையில் வைத்துவிட்டேன். உருளைக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிற சந்திலிருந்து இரண்டு பக்கமும் நெருப்பு பீச்சியது. கோலை எடுத்துப் பாருங்கள், இரண்டு கொம்பிலும் உள்பக்கம் கருகல் இருக்கும், அது பீடி இல்லை. குட்டைக் கோல் என்பதால் உட்கார்ந்துதான் சுட்டேன். ரிவால்வர் என் நிலத்துக் கிணற்றில் கிடக்கிறது, ஆள் இறக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜட்ஜ் கோலைக் கொண்டுவரச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோர்ட்டே எட்டிப் பார்த்தது. துலுக்காணம் மட்டும் வேதாச்சலத்தைப் பார்த்தான். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“பொய்! அவன் சொல்றது பொய்!” என்று கத்திக்கொண்டு ஜெயம்மா முன்னால் ஓடினாள். ஜட்ஜ் இரக்கமுள்ள மனுஷர். அவளைத் துரத்தவில்லை. கூண்டில் ஏற்றி விசாரிக்கச் சொன்னார். சர்க்கார் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

“சுட்டப்போ நெருப்பு எந்த எடத்துலருந்து வந்துச்சும்மா?”

“தெரியாதுங்க.”

“ரிவால்வர் இப்ப எங்க இருக்கு?”

“இப்ப அவன் சொல்லித்தான் தெரியும்.”

“கருகலைப் பார்த்தியா?”

“இல்லிங்க. நான் கண்ணை மூடிக்கினேன்.”

கூட்டத்தில் யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள். அவளைக் கூண்டிலிருந்து இறக்கி வெளியே அனுப்பின பிறகு வேதாச்சலம் எழுந்து, அவையெல்லாம் தான் ஜெயிலில் அவனுக்குச் சொன்னவை என்று சொன்னார். “கிணறும் நீங்க சொன்னதா?” என்று சர்க்கார் வக்கீல் கேட்டார். வேதாச்சலம் உட்கார்ந்துவிட்டார். கிணறு அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் கிணற்றில் ஆள் இறங்கினான். சேற்றோடு ரிவால்வர் மேலே வந்தது. திங்கட்கிழமை தீர்ப்பு வாசித்தார்கள். தூக்கு. நாராயணசாமி ஜட்ஜைக் கும்பிட்டான், அப்புறம் தங்கச்சி நின்ற பக்கம் பார்த்து, பொண்ணைப் பார்த்துக்க என்று மட்டும் சொன்னான். போலீஸ் அவனை இழுத்துக்கொண்டு போனது.

கோர்ட் வெளியே கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. துலுக்காணம் வேதாச்சலத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். அப்பீல் இருக்கிறது, ஐதராபாத் ஹைகோர்ட் இருக்கிறது என்று அவன் என்னென்னவோ சொன்னான். அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை. குற்றவாளி தானே ஒப்புக்கொண்டு, துப்பாக்கியையும் எடுத்துக் கொடுத்த பிறகு எந்தக் கோர்ட் என்ன செய்யும்?

படிக்கட்டில் ஜெயம்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வலது கை மடியில் கிடந்தது, இப்போது அதை மறைக்கவும் இல்லை.

“ஐயா” என்று கூப்பிட்டாள்.

வேதாச்சலம் நின்றார்.

“எங்க அண்ணன் வெல்லம் விக்கறவன். கவையில எதை வைக்கணும், நெருப்பு எந்தச் சந்துல வரும்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்? அவ்வளவும் அவனுக்கு யாருங்க சொல்லிக் குடுத்தது?”

கோர்ட்டில் வேதாச்சலம் அதைச் சொன்னபோது இவள் உள்ளே இல்லை, இருந்தவர்கள் யாரும் நம்பவில்லை. இவள் நம்புவாள். துலுக்காணம் குறுக்கே விழுந்து ஏதாவது சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தான். வேதாச்சலம் அவன் கையை விலக்கிவிட்டு, அவளுக்கு எதிரில் ஒரு படி கீழே போய் உட்கார்ந்தார்.

“நான்தாம்மா” என்றார்.